எத்தனாலும் பந்தயக் காரும்

பாம்பனில் நம் தோழி ஒருத்தியின் சித்தப்பா, மழைக்காலம் முழுவதும் தம் பழைய மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். தை பிறந்ததும் உதைத்துப் பார்த்தார், வண்டி கிளம்பவில்லை. மெக்கானிக் டாங்கின் அடியைத் திறந்தபோது முதலில் கலங்கிய நீர் வந்தது. பெட்ரோல் குழாயும் ஊதிப்போயிருந்தது. "பங்கில் தண்ணீர் கலந்துவிட்டார்கள்" என்று சித்தப்பாவுக்கு ஒரே கோபம்.

தண்ணீரை யாரும் கலந்திருக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் 2003-இல் சில மாநிலங்களில் பெட்ரோலுடன் 5 சதவீதம் எத்தனால் சேர்க்கத் தொடங்கினர். 2023-இல் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது. எத்தனால் என்பது வேறொன்றுமில்லை, பனங்கள்ளில் இருக்கும் அதே ஆல்கஹால்தான். அது நீரை விரும்பி இழுக்கும். பாதி காலியான டாங்கில் கடற்காற்றின் ஈரம் சேரச் சேர, ஒரு கட்டத்தில் எத்தனாலும் நீரும் கூடிப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும்.

இத்தனை தொல்லை தரும் பொருளைப் பந்தயக்காரர்கள் ஏன் நாடுகிறார்கள்? அமெரிக்காவின் இண்டிகார் பந்தயம் 2007-இல் எத்தனாலுக்கு மாறியது. பார்முலா ஒன் கார்களும் 2022 முதல் 10 சதவீதம் சேர்த்தன.

ஒரு கணக்குப் போடுவோம். 1 கிலோ காற்றில் முழுவதும் எரிய பெட்ரோல் ஏறக்குறைய 68 கிராம் போதும். எத்தனால் 111 கிராம் வேண்டும். ஆனால் இரண்டிலும் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே! அப்படியானால் கூடுதல் சக்தி எங்கிருந்து வருகிறது? குளிர்ச்சியிலிருந்து. கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்கிறதல்லவா? அவ்வாறே எத்தனால் ஆவியாகும்போது, பெட்ரோலைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வெப்பத்தை உள்ளே வரும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது. ஆக்டேன் எண்ணும் அதிகம். ஆகவே டர்போ கொண்டு காற்றை மேலும் அமுக்கித் திணித்தாலும் இன்ஜின் எளிதில் 'தட்டாது'.

இதற்காக எரிபொருள் பாதை முழுவதையும் மாற்றியாக வேண்டும். சுத்த எத்தனாலுக்குப் பெட்ரோலைப்போல் ஒன்றரை மடங்கு திரவம் பாய வேண்டும். நிமிடத்திற்கு 400 மில்லி தெளிக்கும் இன்ஜெக்டர் இருந்த இடத்தில் 600 மில்லி இன்ஜெக்டர் வேண்டும். சக்தியையும் கூட்டினால் இன்னும் பெரிது. பம்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பலர் இன்ஜெக்டரை மாற்றிவிட்டுப் பம்பை மறந்துவிடுவார்கள். முழு வேகத்தில் அழுத்தம் குறைந்து எரிபொருள் போதாமல் போனால், பிஸ்டனே உருகிவிடும்! சாதாரண ரப்பர் குழாய்க்குப் பதில் டெப்லான் உட்பூச்சுக் குழாய், துருப்பிடிக்காத எஃகு இணைப்புகள், எத்தனால் அளவைக் கண்டறியும் சென்சார், அதற்கேற்பத் தெளிப்பையும் தீப்பொறி நேரத்தையும் மாற்றும் கணினி ஆகியவையும் தேவை. அலுமினியம், துத்தநாகம் போன்றவற்றை ஈரம் ஏறிய எத்தனால் அரிக்கும். உப்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

மெக்கானிக் குழாயை மாற்றி, டாங்கைக் காயவைத்து, "நெடுநாள் நிறுத்தினால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்" என்றார். "அப்படியானால் என் வண்டியும் இனி வேகமாகப் போகுமோ?" என்று சித்தப்பா நம்மிடம் கேட்டார். போகாது. அமுக்கும் அளவு மாறாத பழைய இன்ஜினுக்கு அந்தப் பலன் கிட்டாது. லிட்டருக்கு 6, 7 சதவீதம் வெப்பம் குறைவதால் மைலேஜ்தான் சற்றுக் குறையும். அதைச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் மறுபடியும் வாடிவிட்டது.