யோபுவிடம் கற்ற தாழ்ச்சி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையைக் கடந்து உள்ளே சென்றால் பத்மநாபசுவாமி ஆலயம். 1750 ஜனவரியில் மன்னர் மார்த்தாண்டவர்மா தம் நாட்டையே அங்கு இறைவனிடம் ஒப்படைத்து, தம்மை இறைவனின் தாசர் என்று அழைத்துக்கொண்டார். அந்நாளில் அவருடைய முன்னாள் அரண்மனை அலுவலர் ஒருவர் விலங்கிடப்பட்டுக் கிடந்தார். ஒப்படைக்க அவரிடம் நாடில்லை. உயிர் மட்டுமே இருந்தது. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், இன்று புனித தேவசகாயம்.

குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து அவர் மனம் தளர்ந்திருந்தபோது, திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். துன்பம் ஏன் வந்தது என்பதற்கு யோபுவுக்கு இறுதிவரை விடை தரப்படவில்லை. படைப்பின் மாட்சியைக் காட்டிய கடவுள்முன் அவர் வாய்மூடிப் பணிந்தார். இழந்தவை திரும்பி வந்தது அதன் பின்னரே. இந்த வரிசையைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் கிடைக்கட்டும், பிறகு நம்புவோம் என்பது பேரம்தானே!

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்ற பெயரின் தமிழாக்கமே தேவசகாயம்: கடவுளே துணை. ஆயினும் துன்பம் குறையவில்லை, பெருகியது. சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவரை எருமைமீது ஏற்றி ஊர் ஊராக அவமதித்தனர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றனர். அவரது கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் உள்ளது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டம் விடப்பட்டிருந்தது.