வண்ணத்துப்பூச்சித் தீவு: குவாதலூப்பில் காணத்தக்க இயற்கையும் வரலாறும்

முன்னுரை

கரிபியன் கடலின் கிழக்கு விளிம்பில், வில்லைப் போல் வளைந்து கிடக்கும் தீவு வரிசையின் நடுவே அமைந்திருப்பது குவாதலூப். 1946-ஆம் ஆண்டு முதல் இது பிரான்சு நாட்டின் கடல்கடந்த மாவட்டங்களுள் ஒன்றாக விளங்குகிறது. எரிமலை, அருவி, மழைக்காடு, பவளப்பாறை, வெண்மணற் கரை ஆகிய அனைத்தும் ஒரு பகற்பொழுதுப் பயணத்திற்குள் அடங்கும் சிறிய நிலப்பரப்பு இது. ஆண்டுதோறும் பல நாட்டவர் இங்கு வந்து இயற்கை எழிலைக் கண்டு மகிழ்கின்றனர். ஆயினும் தமிழ் பயிலும் மாணவர்க்கு இத்தீவின்மேல் தனியானதோர் அக்கறை இருத்தல் வேண்டும். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறிய நம் மக்கள் பல்லாயிரவர் இம்மண்ணில் கரும்பு வெட்டி வாழ்ந்து மறைந்தனர் என்பதே அதற்குக் காரணம். எனவே, அத்தீவில் காணத்தக்க இடங்களை முறையே கூறி, அவற்றினூடே அம்மக்களின் வரலாற்றையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் அமைப்பும்

இத்தீவின் பழங்குடி மக்கள் இதனைக் 'கருக்கேரா' என்று அழைத்தனர். 'அழகிய நீர்வளமுள்ள தீவு' என்று அதற்குப் பொருள் கூறுவது வழக்கம். 1493 நவம்பரில், தம் இரண்டாம் பயணத்தின்போது இங்கு வந்த கொலம்பசு, ஸ்பெயின் நாட்டிலுள்ள குவாதலூப்பே என்னும் திருமடத்தின் பெயரை இதற்குச் சூட்டினார். அப்பெயரின் முற்பகுதி, ஆற்றையும் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் குறிக்கும் 'வாதி' என்ற அரபுச் சொல்லின் திரிபாகும். 'பேராறு' எனப் பொருள்படும் 'வாதியுல் கபீர்' என்ற அரபுத் தொடரே ஸ்பெயினில் 'குவாதல்கிவிர்' என்று மருவி வழங்குவதை இதனோடு ஒப்பிட்டு உணரலாம். முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகள் ஆண்ட ஸ்பெயினின் மொழிச் சுவடு, அட்லாண்டிக் கடலைக் கடந்து ஒரு கரிபியன் தீவின் பெயரில் நிலைத்திருப்பது வியப்புக்குரியது.

வரைபடத்தில் நோக்கினால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போன்று இத்தீவு தோன்றும். மேற்குச் சிறகு பாஸ்தேர். கிழக்குச் சிறகு கிராந்தேர். இரண்டையும் 'உப்பாறு' எனப்படும் குறுகிய கடற்கால்வாய் ஒன்று பிரிக்கிறது. 'பாஸ்தேர்' என்றால் தாழ்நிலம். ஆனால் மலைகள் அனைத்தும் அங்கேதான் உள்ளன. 'கிராந்தேர்' என்றால் பெருநிலம். ஆனால் இரண்டில் சிறியது அதுவே. காற்று வீசும் திசையையொட்டிக் காற்று மறைவுப் பக்கத்தைத் 'தாழ்வு' என்று கூறுவது பழங்காலக் கடலோடிகளின் வழக்கு. அவ்வழக்கே பாஸ்தேரின் பெயருக்குக் காரணம் என்பர். மரி கலாந்த், லெ சேந்த், லா தெசிராத் ஆகிய சிறு தீவுகளும் குவாதலூப்பைச் சேர்ந்தவையே.

மலையும் காடும்

பாஸ்தேரின் தென்பகுதியில் 1,467 மீட்டர் உயரத்தில் நிற்கும் சூஃப்ரியேர் எரிமலை, சிறிய அந்தில்லீசுத் தீவுகள் அனைத்திலும் உயர்ந்த சிகரமாகும். அதன் பெயர் கந்தகத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. உச்சியிலுள்ள பிளவுகளிலிருந்து கந்தக நெடியுடன் ஆவி எழுந்துகொண்டே இருக்கிறது. மலையடியில் 'மஞ்சள் குளியலிடம்' எனப்படும் வெந்நீர்த் தொட்டியினின்று மலையேறும் பாதை தொடங்குகிறது. ஊர்மக்கள் இம்மலையை 'அந்த மூதாட்டி' என்று அன்பும் அச்சமும் கலந்து அழைக்கின்றனர்.

அவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. 1976-இல் மலை குமுறிச் சாம்பலை உமிழ்ந்தபோது, ஏறத்தாழ 70,000 மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். பேராபத்து நேருமா நேராதா என்பது பற்றி அறிவியலறிஞர்களிடையே அன்று எழுந்த கருத்துப்போர் பிரான்சு முழுவதும் எதிரொலித்தது. இறுதியில் மலை பெரிதாக வெடிக்கவில்லை. மக்கள் பல மாதங்கள் கழித்து ஊர் திரும்பினர். மலை இன்றும் ஓயாது கண்காணிக்கப்பட்டு வருகிறது. நச்சு ஆவி வெளிப்படும் உச்சிப் பகுதிக்குள் செல்லத் தடை உள்ளது. மலையேற விரும்புவோர் அன்றன்றைய அறிவிப்பைக் கேட்டறிந்து செல்லுதல் நலம்.

மலையைச் சூழ்ந்த மழைக்காடு 1989-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1992-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஏற்கப்பட்டது. உலகில் இங்கு மட்டுமே வாழும் கருநிற மரங்கொத்தி ஒன்று இக்காட்டின் தனிச்செல்வம். பூங்காவின் சின்னமாக விளங்குவது ரக்கூன் என்னும் சிறு விலங்கு. அது இத்தீவுக்கே உரியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்னர் நடந்த மரபணு ஆய்வு, வட அமெரிக்காவிலிருந்து மனிதர் கொண்டுவந்த விலங்கே அது என்று காட்டியது. கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட கீரியோ நம் இந்திய நாட்டுக் கீரி. கரும்பும் இம்மண்ணில் தோன்றியதன்று. அதுவும் கடல் கடந்து வந்த பயிரே. இவ்வாறு, வந்தேறியவை வேரூன்றி மண்ணுக்குரியவை ஆவது இத்தீவின் இயல்பாகவே அமைந்துவிட்டது.

நீர்வளம்

சூஃப்ரியேரின் கிழக்குச் சரிவில் கர்பே அருவி மூன்று இடங்களில் வீழ்கிறது. முதல் வீழ்ச்சி ஏறத்தாழ 115 மீட்டர். இரண்டாவது 110 மீட்டர். மூன்றாவது 20 மீட்டர். இரண்டாம் வீழ்ச்சியை எளிதில் நடந்து சென்று காணலாம். அதன் நீர் கபெஸ்டேர் என்னும் ஊரை நோக்கி ஓடுகிறது. 'நல்ல நீர்' என்ற பொருள்படும் அடைமொழி அவ்வூர்ப் பெயரோடு சேர்ந்தே வழங்குகிறது.

மேற்குக் கரையில் பூய்யாந்த் என்னும் ஊருக்கு எதிரே புறாத்தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் வண்ணமீன்களும், கடலாய்வாளர் குஸ்தோவின் பெயரால் காக்கப்படுகின்றன. வடக்கே இரு சிறகுகளுக்கும் இடையிலான வளைகுடாவில் அலையாத்திக் காடுகள் அடர்ந்துள்ளன. நம் பிச்சாவரத்தைக் கண்டோர்க்கு அக்காட்சி புதிதாகத் தோன்றாது. கிராந்தேரின் கிழக்கு முனையாகிய 'கோட்டை முனை'யில் உண்மையான கோட்டை எதுவும் இல்லை. அலை அரித்த சுண்ணாம்புப் பாறைகளே கோட்டைபோல் நிற்கின்றன.

கல்லில் நிற்கும் வரலாறு

பாஸ்தேரின் தென்முனையில் துருவா ரிவியேர் என்னும் ஊரில், பழங்குடி மக்கள் பாறைகளில் செதுக்கிய முகங்களும் உருவங்களும் காணப்படுகின்றன. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை அவை. அவற்றைச் செதுக்கிய மக்களின் மொழியைப் பேச இன்று இத்தீவில் எவரும் இல்லை.

1635-இல் பிரெஞ்சுக்காரர் இங்குக் குடியேறினர். கரும்பு பயிரிட ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்தனர். கிராந்தேரிலுள்ள பெத்தி கனால் என்னும் ஊரில் கடற்கரையிலிருந்து மேடேறும் கற்படிக்கட்டு ஒன்று 'அடிமைகளின் படிகள்' என்ற பெயரால் வழங்குகிறது. அப்படிகளின் ஓரத்தில் உலோஃப், பியூல், யொரூபா, காங்கோ முதலான ஆப்பிரிக்க இனங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னர் பெயரையும் தளபதி பெயரையும் தாங்கும் கல்வெட்டுகளைக் கண்டு பழகிய நமக்கு, பெயரற்றவர்களாக ஆக்கப்பட்டோரின் இனப்பெயரைத் தாங்கும் இக்கற்கள் வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றன.

பிரெஞ்சுப் புரட்சியின் பயனாக 1794-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆனால் 1802-இல் நெப்போலியன் அனுப்பிய படை அதனை மீண்டும் நிலைநாட்ட வந்தது. லூயி தெல்கிரெஸ் என்னும் கலப்பின அதிகாரி பாஸ்தேர் நகரக் கோட்டையிலிருந்து அப்படையை எதிர்த்துப் போரிட்டார். கோட்டை நிலைக்காது எனக் கண்டதும் மலைப்பகுதியாகிய மத்தூபாவுக்குப் பின்வாங்கினார். 1802 மே 28-ஆம் நாள், மீண்டும் விலங்கு பூணுவதினும் சாவதே மேல் எனத் துணிந்து, அவரும் ஏறத்தாழ 300 தோழர்களும் வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டனர். அக்கோட்டை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அடிமைமுறை முற்றாக ஒழிய 1848-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புவாந்தபித்ர் நகரில் தர்புசியே என்ற பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், அடிமைமுறை வரலாற்றை விளக்கும் நினைவுக்கூடம் ஒன்று 2015-இல் திறக்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற கவிஞர் சேன் ஜோன் பெர்சு 1887-இல் பிறந்ததும், எழுத்தாளர் மரீஸ் கோந்தே 1934-இல் பிறந்ததும் இந்நகரிலேயே என்பது இலக்கிய மாணவர் குறித்துக்கொள்ளத்தக்கது.

கரும்புத் தோட்டத்தில் தமிழர்

அடிமைமுறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் கூலியாட்களைத் தேடினர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியும் காரைக்காலும் அவர்களின் ஆள்சேர்ப்புத் துறைமுகங்களாயின. 1854 டிசம்பர் இறுதியில் 'ஒரேலி' என்ற கப்பல் 314 இந்தியரைப் புவாந்தபித்ர் துறையில் இறக்கியது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் இந்நெடும்பயணம் மாதக்கணக்கில் நீடிப்பது. ஐந்தாண்டு ஒப்பந்தம்; அதன் பின்னர் ஊர் திரும்பலாம் என்பது வாக்குறுதி. 1880-களின் இறுதி வரை ஏறத்தாழ 42,000 இந்தியர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். பிற்காலத்தில் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன. கடுமையான உழைப்பாலும் நோயாலும் மாண்டோர் பலர். ஊர் திரும்பியோர் சிலரே.

எஞ்சியோர் எளிதில் குடிமக்களாக ஏற்கப்படவில்லை. கபெஸ்டேரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பார், இந்திய வழித்தோன்றல்களுக்கு வாக்குரிமை வேண்டி 1904-இல் வழக்காடத் தொடங்கினார். 1923-இல்தான் அவ்வுரிமை உறுதியாயிற்று. ஏறத்தாழ இருபதாண்டுகள் தளராது போராடிய அப்பெருமகனார் 1952-இல் மறைந்தார்.

இன்று கபெஸ்டேர்ச் சாலையில் செல்வோர் சாங்கி என்னுமிடத்தில் வண்ணச் சிலைகள் நிறைந்த மாரியம்மன் கோயிலைக் காணலாம். அவ்வட்டாரத்தில் இப்போது வாழைத் தோட்டங்களே மிகுதி. 1972 முதல் 1993 வரை வாழைக்கு இடப்பட்ட குளோர்தெகோன் என்னும் பூச்சிக்கொல்லி மண்ணிலும் நீரிலும் தங்கி, இன்றும் மக்கள் உடல்நலத்தை வருத்துகிறது. 'நல்ல நீர்' என்று பெயர் பெற்ற ஊருக்கு நேர்ந்த இக்கேட்டையும் அங்குச் செல்வோர் அறிதல் வேண்டும்.

கடல் கடந்த நாகூர் நினைவு

குவாதலூப்பிலும் அண்டைத் தீவான மார்த்தினிக்கிலும் தமிழ் வழித்தோன்றல்கள் நடத்தும் வழிபாட்டில் 'நகுமிலா', 'நகுர்மிரா' என்ற பெயர் ஒலிக்கிறது. கம்பம் நட்டுக் கொடியேற்றி அப்பெயரை நினைவுகூர்கின்றனர். அப்பெயர் வேறெதுவுமன்று, நாகூர் மீரான் என்பதே. கடலோடிகளின் காவலராகப் போற்றப்பட்ட நாகூர் சாகுல் அமீது நாயகத்தின் நினைவே அது. காரைக்காலுக்கு அண்மையில் உள்ளது நாகூர். கப்பலேறியோருள் பெரும்பாலோர் இந்துக்கள். ஆயினும், கரை மறையும் வேளையில் அவர்கள் நெஞ்சில் நாகூர் மனோராவும் நின்றது என்பதை அக்கொடிமரம் காட்டுகிறது. சமயங்கடந்த அண்டைவீட்டு அன்புக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எஞ்சிய சொற்கள்

அம்மக்களின் நாவில் தமிழ் எவ்வளவு எஞ்சியுள்ளது? மாரியம்மன் 'மலியேமன்' ஆகவும், மதுரைவீரன் 'மல்தேவிலின்' ஆகவும், நாடகம் 'நத்ரோன்' ஆகவும், மத்தளம் 'மத்தலோன்' ஆகவும் வழங்குகின்றன. மசாலை அரைத்துச் சமைக்கும் 'கொலொம்போ' தீவு மக்கள் அனைவர்க்கும் பொதுவான விருந்துணவு. அப்பெயர் கொழும்பு நகரினின்று வந்தது என்பாரும், நம் 'குழம்பு' என்ற சொல்லினின்று வந்தது என்பாரும் உளர். சமையலறையிலும் கோயிலிலும் சொற்கள் வாழ்கின்றன. ஆனால் தாய் குழந்தையிடம் பேசும் மொழியாகத் தமிழ் அங்கு இல்லை. தோட்டத்தில் கிரியோல் பேச வேண்டியிருந்தது. பள்ளியில் பிரெஞ்சு மட்டுமே கற்பிக்கப்பட்டது. தமிழுக்குப் பள்ளி இல்லை. சில தலைமுறைகளில் பேச்சு மறைந்தது; பொருள் விளங்காத பாடல்களின் ஒலி மட்டும் வழிபாட்டில் தங்கிற்று.

முடிவுரை

குவாதலூப்பின் மலையும் அருவியும் கடலும் காண்பவர் கண்ணை நிறைக்கின்றன. படிக்கட்டும் கோட்டையும் கொடிமரமும் அவர் நெஞ்சைக் கேள்விகளால் நிறைக்கின்றன. பாறையில் உருவம் செதுக்கியோர் மறைந்தனர். அவர் மொழியும் மறைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோர் தம் பெயரையும் இழந்தனர். ஆனால் உரிமையை மீட்டனர். நம்மவர் பெயரையும் வழிபாட்டையும் காத்தனர். ஆனால் மொழியைக் காக்க அவர்க்கு வாய்ப்பில்லாது போயிற்று.

வாய்ப்பு இல்லாதோர் இழந்ததை, வாய்ப்பு உள்ளோர் இழந்தால் அது மன்னிக்கத்தக்கதன்று. நமக்குப் பள்ளி உண்டு, கல்லூரி உண்டு, நூலகம் உண்டு. 'குழம்பு' என்ற ஒரு சொல்லையாவது கைவிடாது மூன்று கடல் தாண்டிக் கொண்டுசென்ற அந்தத் தோட்டத் தொழிலாளியை எண்ணிப் பார்த்து, நம் கையிலுள்ள மொழிச்செல்வத்தை மாணவர்கள் மதித்துப் போற்றுவார்களாக. வாய்ப்பு அமைந்து என்றேனும் அத்தீவுக்குச் செல்பவர், கர்பே அருவியைக் கண்ட பின்னர் சாங்கிக்கும் சென்று, அங்குள்ள முதியவர் ஒருவரிடம் தமிழில் நலம் உசாவி வருவாராக. பொருள் விளங்காவிடினும் அவ்வொலி அவருக்கு அந்நியமாக இராது.