காசைப் படிப்போம்

பழைய பித்தளை, இரும்பு வாங்குபவர் தெருவில் வந்தார். பாட்டி தன் சுருக்குப்பையை எடுத்து வந்தார். அதில் ஒரு பிடி பழைய காசுகள் இருந்தன.

"எல்லாம் செல்லாக் காசு பாட்டி. எடைக்கு எடுத்துக் கொள்கிறேன்" என்றார் அவர்.

பாட்டிக்கு எண்பது வயது. எழுதப் படிக்கத் தெரியாது. மருமகள் கற்போர் மையத்தில் படித்தவர்.

"கொஞ்சம் பொறுங்கள் அத்தை. என்ன காசு என்று பார்த்துவிடுவோம்" என்றார் மருமகள்.

முதல் காசில் 1947 என்று இருந்தது. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் புலி.

"அந்த வருடம்தானே சுதந்திரம் வந்தது? பிறகு ஏன் ராஜா தலை?" என்று கேட்டார் பாட்டி.

நல்ல கேள்வி. 1947 ஆகஸ்ட் 15-இல் நாடு விடுதலை பெற்றது. ஆனால் காசு உடனே மாறவில்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை போட்ட காசே புழங்கியது. 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசு ஆனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல் நம் சொந்தக் காசுகள் வந்தன.

மன்னர் தலை போயிற்று. அசோகர் தூணின் சிங்கங்கள் வந்தன. ரூபாய்க் காசில் புலி போயிற்று. தானியக் கதிர் வந்தது. இரண்டணா, ஓரணா, அரையணாக் காசுகளில் காளை இருந்தது. காலணாவில் குதிரை இருந்தது.

அப்போது ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 காலணா. 1957 ஏப்ரல் 1 முதல் கணக்கு மாறியது. ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா ஆனது. நயா என்றால் புதிய என்று பொருள். 1964 ஜூன் 1 முதல் இந்தச் சொல் நீக்கப்பட்டது. வெறும் பைசா ஆயிற்று.

எட்டணாவுக்கு 50 பைசா. நாலணாவுக்கு 25 பைசா. ஓரணாவுக்கு எவ்வளவு? ஆறேகால் பைசா. கால் பைசாவுக்குக் காசு இல்லை. அதனால் 6 பைசாதான் கிடைக்கும். 16 அணாவையும் ஒவ்வொன்றாக மாற்றினால் 96 பைசாதான் வரும். மொத்தமாக மாற்றினால் 100 பைசா வரும். கணக்குத் தெரியாதவருக்கு 4 பைசா நட்டம்.

பழைய காசு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. படம், ஆண்டு, மதிப்பு மூன்றையும் படித்துக் குறித்து வையுங்கள்.

2. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசைச் சேகரிப்போர் விரும்புவதில்லை.

3. அணாக் காசு இன்று கடையில் செல்லாது. ஆனால் சேகரிப்போர் வாங்குவார்கள். அதிகம் அச்சிட்ட காசுக்கு விலை குறைவு. அரிய காசு தேயாமல் இருந்தால் விலை கூடும்.

4. "உங்கள் காசுக்கு லட்சக்கணக்கில் பணம் தருகிறோம். முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்படிப்பட்ட மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021-இல் எச்சரித்தது. ரிசர்வ் வங்கி இதற்குக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை.

மருமகள் ஒவ்வொரு காசாகப் படித்துச் சொன்னார். பாட்டி ஒரு காளைக் காசைக் கையில் எடுத்தார்.

"இதே போல ஒரு காசுக்குத்தான் எங்கப்பா எனக்குப் பொரிகடலை வாங்கித் தருவார்" என்றார்.

வியாபாரி தராசை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாட்டி காசுகளைப் பையில் போட்டு முடிந்தார்.

"நாளைக்கு எனக்கும் அந்த எண்களைச் சொல்லிக் கொடு" என்றார் மருமகளிடம்.

பயிற்சி

1. 5 ரூபாய்க்கு எத்தனை அணா?

2. ஒரு ரூபாய்க்கு எத்தனை காலணா?

3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு காசை எடுங்கள். அதில் உள்ள ஆண்டையும் படத்தையும் எழுதுங்கள்.