ஏடும் பூட்டும்

ஏட்டுச் சுவடி செல்லரிக்கும். ஆயினும் படியெடுப்பார் உள்ளவரை நூல் அழிவதில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியது, சுவடிப் படிகள் எஞ்சியிருந்தமையாலன்றோ?

இன்று இசையும் நூலும் எண்ணிமக் கோப்புகளாயின. விற்போர் அவற்றை மறைகுறியாக்கிப் பூட்டுகின்றனர். திறவுகோலை அவர்தம் கணினி வழங்கினாலன்றி, வாங்கியோன் கருவியில் கோப்புத் திறவாது. 2019இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது, விற்ற நூல்களும் திறவாதொழிந்தன. பணம் மட்டுமே மீண்டது.

பூட்டுதல் முற்றிலும் தவறென்று நாம் கூறோம். பாடியோனும் எழுதினோனும் உழைப்பின் பயனைப் பெறல் வேண்டும். எனினும், 2009இல் ஆப்பிள் நிறுவனம் பாடல்களின் பூட்டை நீக்கிய பின்னரும் அதன் இசை வாணிகம் நின்றுவிடவில்லை. மேலும், நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளுமே பதிப்புரிமைக்கு எல்லை என்கின்றது. பூட்டோ அவ்வெல்லையை அறியாது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறு படியில்லாச் சுவடிகள் மீளாதொழிந்தன. பழைய மாணவர்காள்! நும் பாடலையோ நூலையோ வெளியிடுங்கால், பூட்டில்லாப் படியொன்றை நூலகமொன்றிற்கும் அளித்திடுக. படியே நூலுக்கு உயிர்.