சிறுநீரில் இரத்தம்: மஸ்அலாவும் மருத்துவமும்

இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பிறகும் சிலர் பள்ளிவாசலில் தயங்கி நிற்பதுண்டு. எல்லோரும் போய்விட்டார்களா என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக அருகில் வந்து, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்பார்கள். சிறுநீர் சிவப்பாகப் போகிறது. உளூ எப்படி, குளிப்பு கடமையா, தொழுத தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டுமா என்பதே கேள்வியாக இருக்கும். பெண்கள் இதனை நேரில் கேட்பதில்லை. சீட்டெழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள்.

இக்கேள்விக்கு விடை எளிது. ஆனால் இதைக் கேட்டவரே கேட்காமல் விட்டுவிடும் மற்றொரு கேள்வி இருக்கிறது. அது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி. மஸ்அலாவுக்கு விடை கிடைத்த நிம்மதியில் அதை மறந்துவிடுகிறார்கள். நமக்கு அதுதான் கவலை தருகிறது.

முதலில் மஸ்அலா. முன் துவாரத்தின் வழியே வெளியாகும் எதுவும் உளூவை முறிக்கும். சிறுநீராலேயே உளூ முறிந்துவிடுகிறது. அதில் இரத்தம் கலந்திருப்பதால் புதிய சட்டம் எதுவும் ஏற்படுவதில்லை. குளிப்பு கடமையாகாது. இரத்தமும் நஜிஸ், சிறுநீரும் நஜிஸ். பட்ட இடத்தையும் ஆடையையும் தண்ணீரால் கழுவி உளூச் செய்து தொழ வேண்டியதுதான். வழக்கம்போல் கழுவி உளூச் செய்து தொழுதவர் பழைய தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டியதில்லை. தொழுத பின் ஆடையில் கறையைக் கண்டு, அது தொழுகைக்குப் பின் பட்டிருக்கவும் இடமிருந்தால், அத்தொழுகையைத் திருப்ப வேண்டியதில்லை. நோன்பும் இதனால் முறியாது.

பெண்கள் விஷயத்தில் ஒரு விளக்கம் தேவை. சிறுநீர்த் தாரையிலிருந்து வரும் இரத்தம் ஹைளு அன்று. அதற்காகத் தொழுகையையோ நோன்பையோ விடக்கூடாது. மற்ற நேரங்களில் பஞ்சிலோ துணியிலோ ஒன்றும் படாமல், சிறுநீரோடு மட்டும் சிவப்பு வந்தால் அது சிறுநீர்ப் பாதையிலிருந்து வருவதாக இருக்கலாம். மாதவிடாய் நின்று ஆண்டுகள் ஆனபின் இரத்தம் கண்டவர்கள் எங்கிருந்து வருகிறது என்று தாமே முடிவு கட்டாமல் உடனே பெண் டாக்டரிடம் காட்ட வேண்டும். கர்ப்பப்பையிலிருந்து வந்தாலும் சிறுநீர்ப்பையிலிருந்து வந்தாலும், அந்த வயதில் அது கவனிக்காமல் விடத் தக்கதன்று.

இனி மற்றக் கேள்வி. சிறுநீரில் இரத்தம் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. உள்ளே ஏதோ இருக்கிறது என்பதன் அடையாளம். கிருமி தொற்றியிருக்கலாம், அப்போது எரிச்சலும், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வும், சில சமயம் காய்ச்சலும் இருக்கும். கல் இருக்கலாம், விலாவிலிருந்து அடிவயிறு நோக்கி இறங்கும் வலி வந்தவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம். சிறுநீரகத்தின் வடிகட்டிகளே அழற்சி கண்டு, முகமும் காலும் வீங்கி, இரத்தக் கொதிப்பு ஏறி, சிறுநீர் காப்பி டிக்காஷன் நிறத்தில் போகலாம்.

வலியே இல்லாமல் இரத்தம் மட்டும் வருவதும் உண்டு. மக்கள் "வலி இல்லையே" என்று ஆறுதல் அடைவது இங்குதான். சிறுநீர்ப்பையிலும் சிறுநீரகத்திலும் உண்டாகும் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தலைகாட்டும். ஒருநாள் வரும், மறுநாள் சிறுநீர் தெளிந்துவிடும், பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றுமிராது. இடையில் குடித்த வாழைத்தண்டுச் சாறோ பார்லித் தண்ணீரோ குணப்படுத்திவிட்டதென்று வீட்டார் நம்புவார்கள். "உடம்புச் சூடு, வேறொன்றுமில்லை" என்று சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. சாறு குடிப்பதை நாம் தடுக்கவில்லை. இரத்தம் நின்றது அதனால் என்று எண்ணிச் சும்மா இருப்பதைத்தான் தடுக்கிறோம். இந்நோயை ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். புகைபிடிப்பவருக்கு இந்த அபாயம் பல மடங்கு. பீடியும் சிகரெட்டும் நெஞ்சை மட்டும்தான் கெடுக்கும் என்று நினைக்கிறார்கள்; புகையின் நஞ்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டிய பின் சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தங்குகிறது. சில வகைச் சாயப் பொருட்களோடு நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்கும் இவ்வபாயம் உண்டு.

எகிப்து நாட்டில் இதற்கு இன்னொரு காரணம் இருந்தது. நைல் நதித் தண்ணீரில் இறங்கி வேலை செய்த விவசாயிகளின் உடலில் ஒருவகைப் புழு தோல் வழியே புகுந்து, சிறுநீர்ப்பையில் புண் உண்டாக்கி இரத்தம் வரச்செய்தது. 1851ஆம் ஆண்டு கெய்ரோவில் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய டாக்டர் அப்புழுவைக் கண்டுபிடித்தார். சூடான், எமன், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்நோய் உண்டு. அங்கெல்லாம் வேலைக்குப் போய் ஆறு குளங்களில் குளித்துத் திரும்பியவர்கள் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பீட்ரூட் சாப்பிட்டாலும் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் மாத்திரையாலும் செம்மஞ்சளாகும். அது வேறு. ஆனால் எது எதனால் என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. சிறுநீரைச் சோதித்தால்தான் தெரியும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர், பழியை மாத்திரையின்மேல் போட்டுவிட்டு இருந்துவிடவும் கூடாது. தாமாக அதை நிறுத்திவிடவும் கூடாது. டாக்டரிடம் போகும்போது, இரத்தம் தொடக்கத்தில் வந்ததா, கடைசியில் வந்ததா, முழுவதும் கலந்து வந்ததா, கட்டி கட்டியாக வந்ததா என்பதைக் கவனித்துச் சொன்னால் அவருக்குப் பெரிதும் உதவும். கட்டி அடைத்துக்கொண்டு சிறுநீர் போக முடியாமல் போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதலில் சிறுநீரும் இரத்தமும் சோதிப்பார்கள், பிறகு ஸ்கேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும், மெல்லிய குழாயைச் சிறுநீர்த் தாரை வழியே செலுத்திப் பையின் உள்ளே பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லலாம். சிறு கட்டிகள் ஸ்கேனுக்குத் தப்பிவிடுவதுண்டு.

இந்த இடத்தில்தான் வெட்கம் குறுக்கே வருகிறது. வெட்கம் ஈமானின் ஒரு கிளை. அதனை நாம் குறை கூறவில்லை. ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களுக்கு மதீ அதிகம் வெளியாகி வந்தது. பெருமானார் (ஸல்) அவர்களின் மகளாரை மணமுடித்திருந்ததால், அன்னாரிடம் இதை நேரில் கேட்க வெட்கப்பட்டார்கள். ஆனால் கேட்காமல் இருந்துவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டார்கள். மர்மஸ்தானத்தைக் கழுவி உளூச் செய்தால் போதும் என்ற சட்டம் உம்மத்துக்கு அவ்வழியே கிடைத்தது. வெட்கமும் காக்கப்பட்டது, கேள்வியும் கேட்கப்பட்டது. டாக்டரிடம் வாய் திறக்கக் கூசும் வாப்பாவுக்காக மகன் பேசலாம். உம்மாவுக்காக மகள் பேசலாம். ஆனால் அந்த மகனிடமாவது சொன்னால்தானே அவன் பேச முடியும்!

சிகிச்சைக்காக அவ்ரத்தைக் காட்டுவது தேவையின் அளவுக்கு ஆகும். பெண்ணுக்குப் பெண் டாக்டர் இருந்தால் அவரிடம் போக வேண்டும். அந்த நோய்க்குத் தகுதியான பெண் டாக்டர் கிடைக்காதபோது, கணவரோ மஹ்ரமோ உடனிருக்க ஆண் டாக்டர் பார்க்கலாம். பெண் டாக்டர் கிடைக்கட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டும் என்று எந்தக் கிதாபும் சொல்லவில்லை.

"அல்லாஹ் விட்ட வழி" என்போரும் உண்டு. மருந்து செய்யலாமா என்று நாட்டுப்புற அரபிகள் கேட்டபோது, செய்யுங்கள், முதுமையைத் தவிர எந்த நோய்க்கும் மருந்தை அல்லாஹ் இறக்காமல் இல்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். வஹீ எழுதிய ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு முதுமையில் சிறுநீர் தடையின்றிச் சொட்டலாயிற்று. இயன்றவரை அதற்கு மருத்துவம் செய்தார்கள், மீறியபோது உளூச் செய்து தொழுதார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, சிகிச்சையை விட்டால் உயிரோ உறுப்போ போய்விடும் என்ற நிலையில் சிகிச்சை செய்வது கடமை என்றே தீர்மானித்தது. ஓதிப் பார்ப்பது நல்லதே. ஆனால் ஓதிய தண்ணீரைக் குடித்துவிட்டு லேபரட்டரிக்கும் போக வேண்டும்.

நோய் முற்றி, இரத்தமோ சிறுநீரோ தொடர்ந்து சொட்டும் நிலை வந்தால் சட்டம் மாறும். நம் கடலோர ஊர்களில் ஷாபிஈகளும் மற்ற ஊர்களில் ஹனபீகளும் மிகுதியாக இருப்பதால் இரண்டையும் சொல்கிறோம். ஷாபிஈ மத்ஹபில், வக்து வந்த பிறகு கழுவி, பஞ்சோ துணியோ வைத்துக் கட்டி, உளூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் உளூ. சுன்னத்துகள் எத்தனையும் தொழலாம். ஹனபீ மத்ஹபில், ஒரு வக்து முழுவதிலும் உளூச் செய்து பர்ளைத் தொழும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காதவரே முதலில் மஃதூர் ஆவார். அதன்பின் ஒவ்வொரு வக்திலும் ஒருமுறையேனும் அது வரும்வரை அவர் மஃதூர்தான். வக்துக்கு ஓர் உளூ. அதைக்கொண்டு எத்தனைத் தொழுகையும் தொழலாம். வக்து வெளியேறினால் உளூ போய்விடும். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் இரத்தம் காண்பவருக்கு இச்சலுகை இல்லை. அவர் மற்றவர்களைப் போன்றவரே.

சிறுநீர்ப் பை மாட்டியிருப்பவரும் தொழுகையை விட இடமில்லை. பையைக் காலி செய்து, இயன்றவரை சுத்தம் செய்து, மேற்சொன்ன முறையிலேயே தொழட்டும் என்பது இக்கால உலமாக்கள் பலரின் தீர்ப்பு. உள்ளே குழாய் செலுத்திப் பார்ப்பதைப் பொறுத்தவரை, ஷாபிஈ மத்ஹபில் அதனால் நோன்பு முறியும். ஆண்கள் விஷயத்தில் இமாம் அபூஹனீபா அவர்களிடம் முறியாது, இமாம் அபூயூசுப் அவர்களிடம் முறியும். ஆகவே ரமலானில் இச்சோதனைக்கு நாள் குறித்தால், இப்தாருக்குப் பின் வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். முடியாது, தள்ளவும் கூடாது என்று அவர் சொன்னால் அன்றே செய்துகொண்டு, அந்த ஒரு நோன்பைப் பின்னர் களாச் செய்துகொள்ளலாம். அல்லாஹ் மிக அறிந்தவன்.