நாய் இலவசம்தான்... பராமரிப்பு? தத்தெடுப்பதற்கு முன் ஒரு பட்ஜெட் பாடம்



ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் ஒரு விலங்குகள் காப்பகத்துக்குப் போயிருந்தேன். மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு நாட்டு நாய். மூணு வயசு இருக்கும். மற்ற நாய்கள் எல்லாம் கம்பியில் ஏறிக் குதிக்க, இது மட்டும் படுத்த இடத்தை விட்டு அசையவில்லை. அங்கே வேலை பார்க்கும் அக்கா சொன்னாங்க: "இவளை ஒருத்தர் கூட்டிட்டுப் போய், நாலு மாசத்துல திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டார் சார். அதுலேருந்து யார் வந்தாலும் எழுந்துக்க மாட்டேங்கிறா."

அவள் யாரையும் கடிக்கவில்லை. வீட்டு ஓனர் ஒத்துக்கவில்லை, செலவும் கட்டுப்படியாகவில்லை. காரணம் இந்த இரண்டுதான். இரண்டுமே தத்தெடுப்பதற்கு முன்னாடி ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவள் இப்போ எங்க வீட்டில் இருக்கிறாள். பேர் கருப்பட்டி. இன்றைய பாடம் அந்தப் பேப்பரைப் பற்றித்தான்.

1. மாதச் செலவு

கடையில் இன நாய் வாங்கினால் பல ஆயிரம் ஆகும். காப்பகத்தில் கிட்டத்தட்ட இலவசம். நம்ம ஆளுங்க கணக்கை இங்கேயே முடிச்சிடுறாங்க. உண்மையில் கணக்கு இங்கேதான் தொடங்குது. என் கணக்கு நோட்டிலிருந்து, சராசரி மாதச் செலவு:

- சாப்பாடு (சோறு, கோழி, தயிர், கொஞ்சம் பாக்கெட் உணவு): ரூ.2,200
- உண்ணி வராமல் தடுக்கும் மருந்து: ரூ.500
- தடுப்பூசி, குடற்புழு மருந்து (வருடம் ரூ.3,000): ரூ.250
- டாக்டர் பரிசோதனை (வருடம் ரூ.2,400): ரூ.200
- ஊருக்குப் போகும்போது நாய் விடுதி (வருடம் 12 நாள், நாளுக்கு ரூ.500): ரூ.500

மொத்தம் ரூ.3,650. உங்க ஊர், உங்க நாயின் எடையைப் பொறுத்து இது மாறும். ஒவ்வொரு வரியிலும் உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. கையில் 35,000 சம்பளம் வாங்குபவருக்கு இது பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

2. இது எத்தனை வருட ஒப்பந்தம்?

நாய் சாதாரணமா 10 முதல் 15 வருஷம் வாழும். 12 வருஷம்னு வைப்போம். வருடத்துக்கு ரூ.43,800. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் மொத்தம் சுமார் 7.4 லட்சம். ஒரு சின்ன கார் லோன் அளவு! ஆனா கார் லோனில் பேங்க் உங்க சம்பள ஸ்லிப்பைக் கேட்கும். நாய் கேட்காது. அதனால நாமளேதான் நம்மைக் கேட்டுக்கணும்.

3. நான் செய்த தப்பு

கருப்பட்டி வந்த மூணாவது வாரம் சாப்பிடுறதை நிறுத்திட்டாள். காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல், ரத்தத் தட்டணுக்கள் ரொம்பக் குறைவு. டெஸ்ட், டிரிப்ஸ், மாத்திரை எல்லாம் சேர்த்து ரூ.13,800. ஊருக்கெல்லாம் பட்ஜெட் சொல்லும் ஆடிட்டர், நாய்க்குன்னு ஒரு ரூபாய் ஒதுக்கி வைக்கவில்லை. க்ரெடிட் கார்டைத் தேய்ச்சேன். பில் தேதிக்குள் முழுசா கட்டினேன், ஆனா அந்த மாச எஸ்ஐபியை நிறுத்தித்தான் கட்ட முடிஞ்சது. கட்டாமல் விட்டிருந்தால்? மாதம் 3.5 சதவீதம் வட்டின்னா வருஷத்துக்கு 42 சதவீதம்.

நாய்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. எடுக்கும்போது காத்திருப்புக் காலம், விலக்கப்பட்ட நோய்கள் இரண்டையும் படிச்சுட்டு எடுங்க. அது இருந்தாலும் கையில் ரொக்கம் வேணும்.

4. வாடகை வீடு

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணி வளர்க்கத் தடை போட முடியாது. ஆனா ஓனருக்கும் உங்களுக்கும் இடையே உள்ள வாடகை ஒப்பந்தம் வேறு விஷயம். "பரவாயில்ல தம்பி, வெச்சுக்கோங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்க. சென்னைக்காரர்கள் மாநகராட்சி உரிமமும் எடுக்கணும். அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தேவை.

5. குட்டியா, வளர்ந்த நாயா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு என் ஓட்டு வளர்ந்த நாய்க்கு. குட்டிக்குத் தடுப்பூசித் தவணைகள் அதிகம், பார்வோ நோய் பயம் உண்டு, நாள் முழுக்க ஆள் வேணும். வளர்ந்த நாயின் குணம் முன்கூட்டியே தெரியும். காப்பகங்களில் பெரும்பாலும் கருத்தடையும் செய்திருப்பார்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்க. தினமும் பத்து மணி நேரம் வீடு பூட்டியே இருக்கும்னா, இப்போதைக்கு வேண்டாம். பணத்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

6. வரிச் சலுகை உண்டா?

நாயின் வைத்தியச் செலவை வரிக் கழிவாகக் காட்ட முடியாது. ஆனா நன்கொடை வரிக் கழிவுக்கான பதிவு உள்ள காப்பகத்துக்கு நன்கொடை கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, வருமான உச்சவரம்புக்கு உட்பட்டு, பொதுவாகப் பாதித் தொகைக்குக் கழிவு கிடைக்கும். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. நன்கொடைச் சான்றிதழை மறக்காம வாங்கிக்கோங்க. புதிய முறையில் இந்தச் சலுகை இல்லை. நாய் வளர்க்கச் சூழ்நிலை இல்லாதவர்களும் இப்படி உதவலாம்.

உங்களுக்கான வீட்டுப்பாடம்

நாய் வருவதற்கு முன்பே அதன் செலவோடு வாழ்ந்து பாருங்க. அடுத்த நாலு மாதம், சம்பளம் வந்த அன்றே ரூ.3,650-ஐ தனிக் கணக்கில் போடுங்க. சுலபமா போட முடிஞ்சதா? கையில் ரூ.14,600 இருக்கும், எனக்கு வந்த மாதிரி ஒரு பில்லைத் தாங்கும். ரெண்டாவது மாசமே கைவெச்சுட்டீங்களா? பதில் கிடைச்சிடுச்சு. எந்த நாயும் அதற்காகத் திரும்பிப் போகவில்லை, நஷ்டமும் யாருக்கும் இல்லை.

கருப்பட்டி இப்போ என் பைக் சத்தம் கேட்டதும் ஓடிவந்து கேட்டருகே நிற்கிறாள். ஆனா அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினால் மட்டும், இன்னைக்கும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கிறாள். முதல் வீட்டுக்காரர் போடாத கணக்குக்கு அவள் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கணக்கைப் போட்டுட்டுப் போங்க நண்பர்களே. அடுத்த பதிவில் சந்திப்போம்!