தொடை வாரைத் தளர்த்தலாமா?

கேள்வி: எண்ணூரில் கட்டுமானப் பணியில் ஃபிட்டராக இருக்கிறேன். நாள் முழுக்க சேஃப்டி பெல்ட் மாட்டினால் தொடை இடுக்கு புண்ணாகிறது, தோளும் வலிக்கிறது. தொடை வாரைத் தளர்த்திக்கொள்கிறேன். சிலர் அதை மாட்டுவதே இல்லை. ஆபத்தா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஆபத்துதான். விழும்போது உங்கள் பாரத்தைத் தாங்குவதே தொடை வார்கள்தான். அவை இல்லையென்றால் பெல்ட் மேலே உருவிக்கொண்டு போய், மார்பு வார் தொண்டையில் மாட்டும். தயவுசெய்து அவற்றைக் கழற்றாதீர்கள்.

புண்ணாவதற்குக் காரணம் பெரும்பாலும் தோள் வாரில் இருக்கிறது. அது உங்கள் உயரத்துக்குக் குட்டையாக இருந்தால் தொடை வாரை மேலே இழுத்து இடுக்கில் அறுக்கும். அதனால் தோளிலிருந்து தொடங்குங்கள். முதுகிலுள்ள டி-வளையத்தைப் பிடித்துத் தூக்கி உதறி, முறுக்குகளை எடுத்துவிட்டு மாட்டுங்கள். அந்த வளையம் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வர வேண்டும். பிறகு தொடை வார்: விரித்த கை உள்ளே நுழையணும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. மார்பு வார் நடு நெஞ்சில். ஒருமுறை குந்தி எழுந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். அப்போதும் அறுத்தால் அது உங்கள் அளவு பெல்ட் அல்ல, ஐ.எஸ். 3521 முத்திரையுள்ள சரியான அளவைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டோரில் கிடைத்ததை ஆளுக்கொன்றாக எடுத்துப் போவதுதான் பாதி வலிக்குக் காரணம் என்பேன். ஸ்பேனர் பையையும் தோள் வாரில் தொங்கவிடாதீர்கள்.

கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டுங்கள். 1.8 மீட்டர் கயிற்றைக் காலடியில் மாட்டினால் கயிறு இறுகுமுன்பே ஏறத்தாழ மூன்றரை மீட்டர் விழுந்திருப்பீர்கள். அதிர்ச்சி தாங்கி பிரிந்து நீளும் தூரம் தனி. மாட்டும் இடமும் உறுதியாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். கொக்கி மாட்டிய சாரமே சரிந்தால் எந்த பெல்ட்டும் காப்பாற்றாது. அதற்கென்று கட்டிய லைஃப்லைனையோ, நிலையான தூணையோ காட்டச் சொல்லுங்கள்.

கடலோர உப்புக் காற்றில் கொக்கியின் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். தினமும் திறந்து மூடிப் பாருங்கள். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி மாட்டக் கூடாது.

இன்னொன்று, பலர் கேட்கவே மறப்பது: விழுந்து தொங்கினால் யார் இறக்குவார்கள்? அசையாமல் தொங்குபவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். மேலே ஏறுமுன் சூப்பர்வைசரிடம் இதைக் கேட்டுப் பதில் வாங்குங்கள்.